பொறி பறக்கிறது, பஞ்சு பற்றவில்லை: ஃபயர் ஸ்டீலை வாங்குவதும் உரசுவதும்

கேட்டிருப்பது இது: முகாம் போவதற்காக ஃபயர் ஸ்டீல் ஒன்று, அதாவது உரசிப் பொறி வரவழைத்துத் தீ மூட்டும் கம்பி, வாங்கியிருக்கிறீர்கள். பென்சிலைவிட மெலிவு, சுண்டுவிரல் நீளம். உரசினால் பொறி வருகிறது, பஞ்சு பற்றவில்லை. கம்பியை உரசக் கூடவே வந்த தகடு வழுக்கிக்கொண்டு போகிறது. தடியாக, விலை கூடியதாக வேறொன்று வாங்க வேண்டுமா, மழைக்காலத்தில் இதை நம்பிப் போகலாமா?

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். கையில் இருப்பதிலேயே இரண்டு இடத்தைப் பாருங்கள்: அந்தத் தகட்டின் விளிம்பு, நீங்கள் வைத்த பஞ்சு. பொறி வந்தும் தீ வரவில்லை என்றால் குறை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். ராடு, அதாவது அந்தக் கம்பி, மூன்றாம் இடம்தான். கடைகளிலும் வீடியோக்களிலும் பேச்சு முழுக்க ராடைப் பற்றியே இருப்பதால் எல்லோரும் அதற்கே பணம் செலவழிக்கிறார்கள்.

ஏன் அப்படி என்று புரிய, இந்தக் கம்பி என்ன பொருள் என்று தெரிய வேண்டும். பெயரில் ஸ்டீல் இருந்தாலும் இது எஃகு இல்லை. சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்களோடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரும்பும், கொஞ்சம் மெக்னீசியமும் சேர்த்து வார்த்த கலவை. ஃபெரோசீரியம் என்பார்கள். சிகரெட் லைட்டருக்குள் போடும் லைட்டர் கல் இதே பொருள்தான். வெல்டிங் பட்டறையில் கேஸைப் பற்றவைக்கக் கிண்ணம் வைத்த லைட்டர் ஒன்று இருக்குமே, அதிலும் இதுதான். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுகிற மேண்டிலும் அவருடைய கண்டுபிடிப்பே. மேண்டிலுக்கு வேண்டிய தோரியத்தை மோனசைட் மணலிலிருந்து பிரித்த பிறகு சீரியம் முதலானவை கழிவாகக் குவிந்தன. அந்தக் கழிவுக்கு ஒரு பயன் தேடப்போய்ப் பிறந்ததுதான் இந்தப் பொறிக்கல். அந்த மோனசைட்டுக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. 1909-இல் திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பர்க் என்ற வேதியியலாளர் அதைக் கண்டார். அதன் தொடர்ச்சியாகத்தான் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது.

சீரியம் 150 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே காற்றில் பற்றிக்கொள்ளும். கம்பியைக் கூர்மையான விளிம்பால் சீவும்போது தூளாய்ப் பெயர்கிற துணுக்கு, உரசிய சூட்டிலேயே எரியத் தொடங்கி 3,000 டிகிரியை நெருங்குகிறது. சிக்கிமுக்கிக் கல்லில் நடப்பது வேறு. அங்கே கல் எஃகைச் சீவுகிறது; எரிவது எஃகுத் துணுக்கு, சூடும் குறைவு; அதனால் கருக்கிய துணி போன்ற பொருள் இல்லாமல் தீ வராது. இங்கே எஃகு சீவுகிறது, கம்பி எரிகிறது. ஃபயர் ஸ்டீலை வாங்கிவிட்டுச் சிக்கிமுக்கியைப் போலத் தட்டித் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. தட்டக் கூடாது, சீவ வேண்டும்.

3,000 டிகிரி என்றதும் எதுவும் பற்றிவிடும் என்று தோன்றும். பொறி மணல்துகளைவிடச் சிறியது. சூடு அதிகம், ஆனால் வெப்பத்தின் மொத்த அளவு கொஞ்சம். மெல்லிய பஞ்சிழையை அது கொளுத்தும். காய்ந்த இலையின்மேல் விழுந்தால் ஒரு கரும்புள்ளி வைத்துவிட்டு அணையும். துணுக்கு பெரிதாக இருந்தால் விழுந்த பிறகும் அரை நொடி, ஒரு நொடி எரியும். தீ வைப்பது அந்த அரை நொடிதான். அதனால் பொறியின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பருமனைப் பாருங்கள். வாணவேடிக்கை மாதிரி நூறு பொறி பறந்து பாதி வழியிலேயே அணைவதைவிட, நாலே துணுக்கு உருண்டு விழுந்து கீழே கிடந்து வெள்ளையாய் எரிந்தால் காரியம் ஆகும்.

பெரிய துணுக்குக்கு விளிம்பு கம்பிக்குள் இறங்க வேண்டும். அங்கேதான் உங்கள் தகடு தோற்கிறது. மலிவான செட்டோடு வரும் தகடுகள் பிரஸ்ஸில் வெட்டி, பெயின்ட் அடித்து, விளிம்பு மழுங்கியே வருகின்றன. ஒரு சோதனை: தகட்டு விளிம்பைக் கட்டைவிரல் நகத்தின்மேல் லேசாக வைத்துச் சுரண்டுங்கள். நகத்திலிருந்து வெள்ளையாய்ச் சீவல் வந்தால் விளிம்பு சரி. வழுக்கினால் கம்பியிலும் அதேபோல வழுக்கும். மட்ட அரத்தைத் தகட்டு விளிம்புக்குச் செங்குத்தாகப் பிடித்து, பெயின்ட் போய் வெள்ளைக் கோடு தெரியும்வரை, ஒரே திசையில் பத்துப் பதினைந்து இழுப்பு இழுங்கள். வேண்டியது கத்தி போன்ற கூர் இல்லை. மேசை முனை போல 90 டிகிரி மூலை, அது உடையாமல் நேராக இருக்க வேண்டும். அரம் தகட்டில் சுலபமாக இறங்கினால் அது மெத்தென்ற இரும்பு என்று அர்த்தம். தீட்டினாலும் நாற்பது ஐம்பது உரசலில் மறுபடி மழுங்கும்.

அப்படியானால் ஹேக்ஸா பிளேடுதான் நல்ல மாற்று. உடைந்த பிளேடில் ஆறேழு சென்டிமீட்டர் துண்டு போதும். பல் உள்ள பக்கத்தை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி மூடிவிட்டு, முதுகுப் பக்கத்தைக் கிரைண்டரில் சமமாகப் பிடித்து மூலையைச் சதுரமாக்குங்கள். அடிக்கடி தண்ணீரில் நனைத்து எடுங்கள். நீலம் பாய்ந்துவிட்டால் கடினம் இறங்கிப்போயிருக்கும். லேத் பட்டறை பக்கத்தில் இருந்தால் தேய்ந்துபோய் ஒதுக்கிய கார்பைடு டிப் (உலோகம் கடையும் கடினமான வெட்டுமுனை) ஒன்று கேட்டு வாங்கி, சின்னக் கட்டையில் அரால்டைட் வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். கார்பைடு மழுங்கவே மழுங்காது என்று சொல்லலாம். இந்த வேலைக்கு இதைவிடச் சிறந்த சுரண்டி இல்லை.

கத்தியின் முதுகால் உரசலாம், அந்த முதுகு சதுரமாகத் தீட்டப்பட்டிருந்தால். ஸ்வீடனின் மோரா கத்திகளிலேயே கார்பெர்க், புஷ்கிராஃப்ட் வகைகளுக்கு அப்படித் தீட்டிய முதுகு உண்டு. சாதாரண கம்பானியன் வகைக்கு முதுகு மழுங்கல். அரிவாளின் முதுகிலும் ஓர் அங்குலத்துக்கு அரம் போட்டால் அவசரத்துக்கு ஆகும். கத்தியின் வெட்டும் கூரால் மட்டும் உரசாதீர்கள். கூர் மடங்கும், பொறியால் பொத்தல் பொத்தலாகக் கறுக்கும், கை வழுக்கினால் வெட்டும். எதுவுமே இல்லாத நேரத்தில் உடைந்த கண்ணாடியின் விளிம்போ பீங்கான் துண்டோ கூடப் பொறி தரும். கம்பியைவிடக் கடினமாகவும் மூலை கூர்மையாகவும் இருக்க வேண்டும், அவ்வளவே நிபந்தனை.

இனி உரசும் முறை. புதுக் கம்பி என்றால் மேலே கறுப்புப் பூச்சு இருக்கும். ஈரம் படாமல் இருக்க அடித்தது. அதிலிருந்து பொறி வராது. நாலைந்து முறை அழுத்திச் சுரண்டினால் பூச்சு போய்ச் சாம்பல் நிற உலோகம் தெரியும். இதைத் தெரியாமல் சரக்கு போலி என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்.

தரையில் ஒரு பலகையோ, பிளந்த விறகின் சப்பைப் பக்கமோ, காய்ந்த தட்டைக் கல்லோ போடுங்கள். அதன்மேல் பஞ்சையோ நாரையோ குருவிக்கூடு மாதிரி வையுங்கள். இடது கையில் கம்பி, வலது கையில் சுரண்டி. கம்பியின் நுனி நாரின் நடுவில் இறங்கி அடிப்பலகையைத் தொட வேண்டும்; கம்பி ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து நிற்கட்டும். சுரண்டியைக் கம்பிக்குச் செங்குத்தாக வைத்து, கட்டைவிரலை அதன் முதுகில் வைத்து அழுத்துங்கள். அழுத்தியபடியே சற்றுச் சற்றாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் விளிம்பு கம்பியைக் கவ்வுவது விரலுக்கே தெரியும். காதுக்கும் தெரியும். வழுக்கினால் ‘ஸ்ஸ்’ என்ற மெல்லிய சீறல். கவ்வினால் ‘கர்ர்’ என்று கரகரப்பு. அந்தக் கரகரப்பு வந்த கோணத்தை விடாதீர்கள்.

பிறகு வேகத்தை மறந்துவிட்டு அழுத்தத்தைக் கூட்டி, கம்பியின் முழு நீளத்துக்கும் ஒரே இழுப்பாக இழுங்கள். வீடியோவில் விசுக்கென்று இழுப்பதைப் பார்த்து எல்லோரும் அதையே செய்கிறார்கள். லேசான வேக உரசல் தூசியைத்தான் தரும்; அது காற்றிலேயே எரிந்துவிடும். பழகியவர் அழுத்தி, தோராயமாக அரை நொடி எடுத்து இழுப்பார்.

கீழ்நோக்கி உரசினால் வேறொரு தொல்லை வரும். இழுப்பு முடியும்போது கை நாரில் மோதி, கட்டிவைத்த கூடு சிதறிவிடும். அதற்கு வழி, சுரண்டியை அசைக்காமல் கம்பியை இழுப்பது. சுரண்டி பிடித்த கையை முழங்காலிலோ தரையிலோ ஊன்றி, நாருக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டரில் நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பியின் பிடிப்பக்கத்தைச் சுரண்டிக்கு அடியில் வைத்து, கம்பியை உங்களை நோக்கிப் பின்னால் இழுங்கள். பொறி எல்லாம் ஒரே இடத்தில், சுரண்டிக்கு நேர் கீழே விழும். கை நாரைத் தொடாது. புதிதாகப் பழகுகிறவர்கள் இதிலிருந்தே தொடங்குவது நல்லது.

ஈரப்பதமான நாளில் கைகொடுக்கும் இன்னொரு உத்தி இருக்கிறது. முதலில் பொறி வராத அளவுக்கு மெதுவாக, கம்பியின் ஒரு சென்டிமீட்டர் இடத்தை மட்டும் சுரண்டுங்கள். கறுப்புத் தூள் நாரின்மேல் விழும். ஒரு சிட்டிகை சேர்ந்ததும் அதன்மேல் ஒரே ஒரு அழுத்தமான உரசல். விழுகிற பொறி அந்தத் தூளையும் சேர்த்துக் கொளுத்தும், சூடு பலமடங்காகும். கம்பி கொஞ்சம் கூடுதலாகத் தேயும், போகட்டும்.

அடுத்து பஞ்சு. நீங்கள் வைத்தது எந்தப் பஞ்சு என்று பார்க்க வேண்டும். தலையணையில் அடைத்து வருவது இப்போது பெரும்பாலும் பாலியஸ்டர். அது பொறிபட்டால் உருகிச் சுருங்கும், பற்றாது. சந்தேகம் இருந்தால் ஒரு இழையைத் தீக்குச்சியில் காட்டுங்கள்: உருகிக் கறுப்பு முத்தாக நின்றால் பாலியஸ்டர், எரிந்து சாம்பலானால் பருத்தி. மருந்துக்கடைப் பஞ்சு நன்றாகப் பற்றும். ஆனால் சுருளிலிருந்து பிய்த்த கட்டியாகவே வைத்தால் பொறி மேலே விழுந்து அணையும். எலுமிச்சம்பழம் அளவு பஞ்சை எடுத்து, இழை இழையாகப் பிரித்து, ஆரஞ்சு அளவுக்கு உப்பும்வரை இழுத்துவிடுங்கள். மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும். உங்கள் சிக்கல் இந்த ஒரு திருத்தத்திலேயே தீர வாய்ப்பு அதிகம்.

வெறும் பஞ்சு பத்து இருபது நொடியில் எரிந்து முடியும். அதில் வாசலின் சேர்த்தால் மூன்று நான்கு நிமிடம் நின்று எரியும். எல்லோருக்கும் தெரிந்த முறைதான், ஆனால் பஞ்சு முழுக்க வாசலினைப் பிசைந்துவிட்டு, பொறி பிடிக்கவில்லை என்கிறார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கொட்டைப்பாக்கில் பாதி அளவு வாசலினைத் தடவுங்கள். மறுபக்கம் உலர்ந்தே இருக்கட்டும். உரசும் நேரத்தில் பஞ்சைப் பிய்த்து உலர்ந்த இழைகளை மேலே கொண்டுவாருங்கள். பொறி உலர்ந்த இழையைப் பிடிக்கும், அது வாசலினைப் பிடிக்கும். தேங்காய் எண்ணெயும் இதைச் செய்யும். ஆனால் நம் வெயிலில் அது உருகி வழிந்து பஞ்சு முழுவதையும் நனைத்துவிடுவதால் மூட்டைக்கு ஒத்துவராது. பொடித்த கற்பூரத்தைப் பஞ்சுக்குள் பொதித்து வைத்தாலும் நல்ல சுடர் நிற்கும். கற்பூரம் தானாகவே கரைந்து காற்றில் போகிற பொருள் என்பதால், இறுக மூடிய டப்பாவில் வைத்து, ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு திறந்து பாருங்கள். டப்பா காலியாக இருக்கலாம்.

கடைப் பொருளை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தில் தேடினால், தென்னை, பனை, மூங்கில் இருக்கும் ஊர்க்காரர்களுக்குக் குறையே இல்லை. தென்னை மட்டையின் அடியில் வலைத்துணி மாதிரி இருக்கும் பன்னாடையைக் கொண்டுவந்து, தடித்த வெளிநரம்பை நீக்கி, உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்கை இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கயிறு திரிப்பதுபோல் தேய்த்துக்கொண்டே இருங்கள். முதலில் தூசி கொட்டும், பிறகு நார் பிரியும், மூன்று நான்கு நிமிடத்தில் கையில் மெத்தென்று ஒரு பந்து நிற்கும். கொட்டிய தூசியையும் வீணாக்காமல் பந்தின் நடுக்குழியில் போடுங்கள். பொறியை முதலில் வாங்குவது அதுதான். தேங்காய் மட்டை நாரையும் இப்படியே செய்யலாம். நார் சற்று முரடு என்பதால் கூடுதல் நேரம் தேய்க்க வேண்டும். சிலசமயம் சுடர் வராமல் கங்கு மட்டும் பிடிக்கும், அப்போது பந்தை இரு கையால் ஏந்தி, கீழிருந்து மெதுவாக நீளமாக ஊதினால் சுடராகும்.

செத்துக் காய்ந்து நிற்கும் மூங்கிலின் மேல்தோலைக் கத்தி முதுகால் சுரண்டினால் கம்பளி மயிர் மாதிரிச் சுருள் வரும். ஈரமான நாளிலும் மூங்கில் உள்ளே காய்ந்திருக்கும் என்பதால் மழைக்கு இது அருமையான பொருள். ஒரு எச்சரிக்கை: கணு மூடிய மூங்கிலை அப்படியே நெருப்பில் போடாதீர்கள். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து வெடிக்கும். பிளந்து போடுங்கள்.

இலவம்பஞ்சும் எருக்கம்பஞ்சும் பொறியைத் தொட்ட மாத்திரத்தில் பற்றும், கண் சிமிட்டுவதற்குள் காணாமலும் போகும். அவற்றைத் தனியாக வைக்காமல் நார்க்கூட்டின் நடுவில் ஒரு சிட்டிகை வைத்தால், பொறியை வாங்கி நாருக்குக் கைமாற்றிவிடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கெடுதல், காயைப் பிரித்த கையைக் கழுவிவிடுங்கள். சணல் கயிறும் கைவசம் எப்போதும் வைத்திருக்கத் தகுந்தது. ஒரு சாண் துண்டை முறுக்குப் பிரித்து, விரலால் கோதி உப்பவைத்தால் போதும். சணல் என்று நைலான் கலந்ததைத் தருகிறார்கள், தீக்குச்சி சோதனை இதற்கும் பொருந்தும். காய்ந்த புல், சவுக்கு ஊசி, சருகு, செய்தித்தாள் ஆகியவை பொறியை நேராக வாங்குவது அரிது. அவற்றுக்கு இடம் சுடர் வந்த பிறகு.

சுடர் வந்த பிறகு கோட்டைவிடுவதும் அதிகம். நார்க்கூடு எரிவது ஒரு நிமிடத்துக்குள் என்று வைத்துக்கொண்டு, அடுத்து வேண்டியதை உரசுவதற்கு முன்பே பிரித்து வைத்திருக்க வேண்டும். ஈர்க்குப் பருமனில் ஒரு பெரிய கைப்பிடி. ஈர்க்கே கிடைத்தால் ஒரு விளக்குமாற்றில் பாதி. பென்சில் பருமனில் இரண்டு கைப்பிடி. கட்டைவிரல் பருமனில் பத்துப் பதினைந்து. மணிக்கட்டுப் பருமனுள்ள விறகு ஒன்றைக் காற்றுக்குக் குறுக்கே போட்டு, அதன் மறைவில் நார்க்கூடு, ஈர்க்குக் கைப்பிடியை அந்த விறகின்மேல் சாய்த்துக் கூட்டுக்கு மேலே கூரை மாதிரி. காற்று வரும் பக்கம் உங்கள் முதுகு. ஈர்க்கு சடசடவென்று பிடித்த பிறகே பென்சில் பருமன். அவசரப்பட்டுத் தடித்ததைப் போட்டால் புகை மட்டும் மிஞ்சும்.

மழையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கம்பி மழைக்குப் பயப்படாது. ஆற்றில் விழுந்து எடுத்தாலும் சட்டையில் துடைத்துவிட்டு உரசினால் பொறி வரும். தீப்பெட்டியால் இது முடியாது. குளிரிலும் அப்படியே. லைட்டரில் இருக்கும் பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை நெருங்கினால் ஆவியாக மாட்டேன் என்று நிற்கும், இமயமலைப் பக்கம் போகிறவர்கள் ஃபயர் ஸ்டீலை விரும்புவது இதனால்தான். ஆனால் மழையில் நனைவது நார். அதை ஜிப் பையில் இரண்டு அடுக்காகப் போட்டு எடுத்துப் போங்கள். விறகு நனைந்திருந்தால், தரையில் கிடப்பதை விட்டு, மரத்தில் தொற்றி நிற்கும் செத்த கிளையைப் பிளந்து உள்ளே இருக்கும் காய்ந்த பகுதியைச் சீவல் சீவலாகச் செதுக்குங்கள். சீவல் குச்சியோடு ஒட்டிக்கொண்டு சுருண்டு நிற்கட்டும். மலைக்குப் போகும்போது லைட்டர் ஒன்றையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். ஒன்று கெட்டால் ஒன்று உதவும். இதில் வீம்பு தேவையில்லை.

சமையலுக்கு கேஸ் அடுப்பு கொண்டுபோனால் ஃபயர் ஸ்டீலால் அதையும் பற்றவைக்கலாம். கம்பியையும் சுரண்டியையும் பர்னர் விளிம்பில் தயாராகப் பிடித்துக்கொண்டு, பிறகு கேஸைக் கொஞ்சமாகத் திறந்து உடனே உரசுங்கள். முதலில் திறந்துவிட்டுக் கம்பியைத் தேடக் கூடாது. ஸ்பிரிட் அடுப்பும் ஒரே உரசலில் பற்றும், ஆனால் பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்குத் தெரியாது. பற்றவில்லை என்று நினைத்து மறுபடி ஊற்றிக் கை சுட்டுக்கொள்வது இங்கேதான். பெட்ரோலை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கம்பியே வாங்குவதென்றால்: 5, 6 மில்லிமீட்டர் விட்டமுள்ளது சாவிக்கொத்துக்கும் அவசரப் பைக்கும். பிடித்து அழுத்த இடம் போதாது. 8 மில்லிமீட்டர் விட்டம், 75 முதல் 80 மில்லிமீட்டர் நீளம் பொதுவான உபயோகத்துக்குச் சரியான அளவு. 10 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனும் நூறுக்கு மேல் நீளமும் உள்ளவை பலபேருக்குக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கும், ஈரக்கையோடும் விறைத்த கையோடும் வேலை செய்கிறவர்களுக்கும் உதவும். தடியான கம்பியில் பொறியின் சூடு கூடாது. கூடுவது பிடிமானம், இழுப்பு நீளம், ஆயுள். ஸ்வீடனின் லைட் மை ஃபயர் நிறுவனம் தன் சிறிய ஸ்கவுட் வகைக்கு 3,000 உரசல், ஆர்மி வகைக்கு 12,000 உரசல் என்று கணக்குச் சொல்கிறது. வாரக்கடைசியில் போகிறவருக்குச் சின்னதே பல வருடம் வரும்.

கம்பிகளில் மெத்தென்றது, கடினமானது என்று இரண்டு குணம் உண்டு. மெத்தென்ற கலவை பெரிய துணுக்காக உதிரும், சீக்கிரம் தேயும். கடினமானது நுண்பொறியாக நிறையத் தரும், பழகிய கையும் கூர்மையான சுரண்டியும் கேட்கும். முதல்முறை வாங்குகிறவருக்கு மெத்தென்றதே நல்லது. நேரில் பார்த்து வாங்க முடிந்தால் இடுப்பு உயரத்தில் பிடித்து ஒருமுறை உரசிப் பாருங்கள். பொறி தரையைத் தொட்ட பிறகும் எரிந்தால் வாங்கலாம். கைப்பிடிக்குள் கம்பி குறைந்தது ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். மலிவான சரக்கில் முதலில் கெடுவது கம்பி அல்ல, பசை. கம்பி கைப்பிடியிலிருந்து கழன்று வரும். கழன்றால் பழைய பசையைச் சுரண்டிவிட்டு அரால்டைட் வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

மெக்னீசியம் ராடு என்று விற்பதும் பல இடங்களில் இதே ஃபெரோசீரியம்தான். உண்மையான மெக்னீசியம் வெள்ளிநிறக் கட்டியாக, ஓரத்தில் மெல்லிய பொறிக்கம்பி பதித்து வரும். கட்டியைச் சுரண்டி ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் குவித்து, அதன்மேல் பொறி விட வேண்டும். கண்கூச எரியும். ஆனால் அவ்வளவு சுரண்டச் சில நிமிடம் ஆகும், லேசான காற்றிலேயே சீவல் பறந்துவிடும். வாசலின் பஞ்சு இருக்கும்போது இந்த உழைப்பு வேண்டாம் என்பதே என் எண்ணம். கட்டி அசலா என்று பார்க்க, நாலு சீவலை வினிகரில் போடுங்கள். மெக்னீசியம் என்றால் உடனே நுரைத்துக் கொப்பளிக்கும்.

பராமரிப்பு பெரிதாக இல்லை, ஒன்றைத் தவிர. இந்தக் கலவைக்கு உப்பும் ஈரமும் ஆகாது. கடற்கரைப் பக்கம் போய்வந்து ஈரத்தோடு பையில் போட்டு மறந்துவிட்டால், சில மாதத்தில் கம்பி வெளிறிய பொடியாக உதிர ஆரம்பிக்கும். நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து உலர்த்துங்கள். நீண்ட நாள் தொடப்போவதில்லை என்றால் நெயில் பாலிஷ் ஒரு பூச்சு அடித்து வைக்கலாம். அடுத்த உரசலில் அது சுரண்டிக்கொண்டு போய்விடும். நடுப்பகுதியை மட்டுமே உரசிக்கொண்டிருந்தால் அங்கே இடுப்பு ஒடுங்கி, ஒருநாள் மளுக்கென்று ஒடியும். முழு நீளத்துக்கும் உரசி, அவ்வப்போது கம்பியைத் திருப்பிக்கொள்ளுங்கள். கல்தரையில் விழுந்தாலும் கண்ணாடி மாதிரி உடையும். உடைந்த துண்டைத் தூக்கிப் போட வேண்டாம், இரண்டு சென்டிமீட்டர் இருந்தாலும் அது பொறி தரும்.

எங்கே மூட்டுவது என்பதில் தயவுசெய்து கறாராக இருங்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன்படி குற்றம். சரணாலயங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 30-ஆம் பிரிவும் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீயில், மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். போதைப்புல் என்ற உயரமான மலைப்புல் காய்ந்து நிற்கும் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதர் ஓட முடியாது. பழகுவதை வீட்டு முற்றத்திலோ சொந்த நிலத்திலோ, அனுமதி உள்ள முகாமிலோ வைத்துக்கொள்ளுங்கள். மூட்டும் இடத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குச் சருகையும் புல்லையும் வழித்து, மண் தெரியச் செய்யுங்கள். ஓடையிலிருந்து எடுத்த ஈரக்கல்லை அடுப்புக் கல்லாக வைக்காதீர்கள், உள்நீர் ஆவியாகி வெடிக்கும். உரசும்போது கூடாரத் துணிக்கும் பாலியஸ்டர் சட்டைக்கும் தள்ளியே இருங்கள், ஒவ்வொரு பொறியும் ஒரு ஓட்டை. முதல் வாளித் தண்ணீர் பக்கத்தில் வந்த பிறகே முதல் உரசல்.

அணைக்கும்போது மண்ணைப் போட்டு மூடிவிட்டு வருவது தப்பு. அடியில் கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், வேர் வழியாக நகரவும் செய்யும். தண்ணீர் ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். சீறல் நின்றதும் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்துப் பாருங்கள். சூடு தெரியவில்லை என்றால் தொட்டும் பாருங்கள். குளிர்ந்த சேறாக இருந்தால் கிளம்பலாம்.